உரிமச் சேவைக்கு இலக்கு வகுத்தல்: எந்தப் பக்கம் நின்று அளப்பது?

(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



வாகனமோட்டும் உரிமமும் சாலை வரி உரிமமும் வழங்குகின்ற அரசாங்கச் சேவைக்கு இலக்குகள் வகுப்பது எங்ஙனம் என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். இது அதிகாரிகள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய பொருளன்றோ, பால்மரம் வெட்டும் நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். இலக்கு எப்படி வகுக்கப்படுகிறதோ, அப்படியே சேவையும் நடைபெறும். இலக்கு பிழையாக அமைந்துவிட்டால் அதன் விலையை நகரவாசியைக் காட்டிலும் தோட்டத்தில் வாழ்பவரே மிகுதியாகக் கொடுக்க நேரிடும். ஆகவே இப்பொருளை நீங்கள் அறிந்திருப்பது அவசியமாகும்.

ஒரு சிறு அட்டையின் மதிப்பு

தோட்டத்து வாழ்க்கையில் மோட்டார் சைக்கிள் இன்று ஆடம்பரப் பொருளாக இல்லை. பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுபோய் விடுவதற்கும், நோயுற்றவரை மருந்தகத்திற்கு அழைத்துச் செல்வதற்கும், வாரச் சந்தைக்குப் போய் வருவதற்கும் அதுவே கைகொடுக்கிறது. லயத்திலிருந்து பெருஞ்சாலை வரைக்கும் பல மைல் செம்மண் பாதை உள்ள தோட்டங்களில் வேறு வழியும் இல்லை.

நம் நாட்டில் 16 வயது நிறைந்தவர் மோட்டார் சைக்கிள் உரிமத்திற்கும், 17 வயது நிறைந்தவர் கார் உரிமத்திற்கும் விண்ணப்பிக்கலாம். லாரி போன்ற சரக்கு வாகனங்களை ஓட்டுவதற்கு ஜி.டி.எல். எனப்படும் தொழில்முறை உரிமம் வேண்டும். அதற்கு மருத்துவப் பரிசோதனையும் உண்டு. தோட்டத்தில் பிறந்த எத்தனையோ இளைஞர்களுக்கு இந்த உரிமமே வேறொரு தொழிலின் வாசலைத் திறந்துவிட்டிருக்கிறது. அது உரிய காலத்தில் கைக்கு வராவிட்டால் கிடைத்த வேலையும் கைநழுவிப் போகும்.

உரிமமின்றிப் பொதுச் சாலையில் வாகனமோட்டுவது 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றமாகும். தோட்டப் பாதையிலேயே ஓட்டிப் பழகிய இளைஞன், அதே பழக்கத்தில் பெருஞ்சாலைக்கும் சென்றுவிடுகிறான். அபராதம் ஒருபுறமிருக்க, விபத்து நேர்ந்தால் காப்புறுதி இழப்பீட்டிலும் பெருஞ்சிக்கல் ஏற்படுகிறது. உரிமம் பெறுவது எளிதாகவும் நேர்மையாகவும் இருந்தால் அத்தகைய இளைஞர்களின் தொகை குறையும். அலைச்சல் மிகுந்தால், "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப் போடுவோர் பெருகுவர்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். அலுவலகத்தில் மாதச் சம்பளம் பெறும் ஒருவர் ஒரு மணி நேரம் அனுமதி பெற்றுப் போக்குவரத்து இலாகாவிற்குச் சென்று திரும்பலாம். பால்மரம் வெட்டுபவரோ விடியுமுன் மரத்தடியில் நிற்க வேண்டியவர். பால் சேர்த்து, நிறுத்து, குளித்துப் புறப்பட்டு நகரம் சேர்வதற்குள் முகப்பு மூடும் நேரம் நெருங்கிவிடும். அதனால் அவர் அன்றைய வேலையையே விட்டுவிட்டுச் செல்கிறார். அன்றைய பெயரும் போயிற்று. பேருந்துச் செலவும் சேர்ந்தது. மழையினால் வெட்டு நின்ற நாளில் போகலாமென்றால், அதே மழைக்குக் காத்திருந்த பலரும் அன்றுதான் அங்கே வந்து சேருகிறார்கள். ஆகவே, முகப்பில் செலவாகும் நேரத்தை மட்டும் அளந்தால் தோட்டத் தொழிலாளியின் இழப்பு கணக்கில் வராது.

நிறுவையைப் பற்றி நாம் அறிந்தவை

அளப்பது பற்றியும் இலக்கு பற்றியும் உங்களுக்கு நான் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. நாள்தோறும் உங்கள் உழைப்பு அளக்கப்படுகிறது. அதிலுள்ள நியாயமும் அநியாயமும் எந்த அதிகாரியைக் காட்டிலும் உங்களுக்கே நன்கு தெரியும்.

கொட்டகையில் பாலை நிறுத்தால் மட்டும் போதுமா? போதாது. பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவே உலர்ந்த ரப்பராகத் தேறும். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். எடையை மட்டுமே பார்த்துக் கூலி கொடுத்தால், வாளியில் தண்ணீர் கலப்பவருக்கும் கூலி கிடைத்துவிடும். எனவேதான் பாலின் எடையோடு, அதில் ரப்பர் எவ்வளவு உண்டு என்பதையும் சோதிக்கிறார்கள்.

எடையும் சோதனையும் இருந்தாலுங்கூடப் போதாது. பால் ஊறும் அடுக்கு வரை பட்டையைச் சீவினால் போதுமானது. அவசரத்தில் கத்தி அதற்கப்பாலும் இறங்கிவிட்டால் மரம் காயப்படுகிறது. காயம் ஆறிய இடத்தில் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். பின்னாளில் அங்கே ஒழுங்காக வெட்ட இயலாது. இன்றைக்கு எடை மிகுந்தது. ஆனால் வருங்காலப் பால் போயிற்று. ஆகவே மரத்தின் பட்டையையும் கங்காணி வந்து பார்வையிடுகிறார்.

நிறுவை நடக்கும்போது தொழிலாளியும் தராசின் முள்ளைப் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்பது நான்காவது செய்தி. நிறுப்பவர் மட்டுமே காணக்கூடிய தராசில் யாருக்கும் நம்பிக்கை பிறப்பதில்லை.

எடை, தரம், மரத்தின் நலம், எல்லாரும் காணும் தராசு ஆகிய இந்த நான்கும் அரசாங்கச் சேவைக்கும் அப்படியே பொருந்தும்.

சுவான்சியில் ஏற்பட்ட அனுபவம்

நம் நாட்டின் பொதுச் சேவை முறை பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் வேரூன்றியது. உரிமச் சேவைக்கு இலக்கு வகுப்பதில் பிரிட்டன் பல ஆண்டுகளாக ஈடுபட்டு, அதன் நன்மை தீமைகளை வெளிப்படையாகப் பதிவு செய்தும் வைத்திருக்கிறது. ஆதலால் அந்த அனுபவத்தைச் சற்றே பார்ப்போம்.

அங்கு முற்காலத்தில் உள்ளூர் மன்றங்களே வாகன உரிமங்களை வழங்கி வந்தன. 1970-களில் அப்பணி வேல்ஸ் பகுதியிலுள்ள சுவான்சி நகரில் ஒரே மையத்தில் குவிக்கப்பட்டுக் கணினி முறைக்கு மாற்றப்பட்டது. நாட்டின் ஏதோ ஒரு மூலையில் இருப்பவர் தம் விண்ணப்பத்தை அஞ்சலில் அனுப்பிவிட்டு, எப்போது பதில் வருமெனக் காத்திருக்கும் நிலை உண்டாயிற்று.

1988-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசாங்கம் ஒரு சீர்திருத்தத்தை அறிவித்தது. கொள்கையை அமைச்சு வகுக்கும். மக்களுக்கு நேரடியாகச் சேவை வழங்கும் வேலையைத் தனித்தனி முகவாண்மைகள் ஏற்கும். ஒவ்வொரு முகவாண்மைக்கும் ஒரு தலைவர் இருப்பார். அவர் எட்ட வேண்டிய இலக்குகளை அமைச்சர் வகுத்துத் தருவார் என்பதே அதன் சாரம். முதன்முதலில் அவ்வாறு அமைக்கப்பட்டது வாகனப் பரிசோதனை முகவாண்மையாகும். சுவான்சி மையம் 1990 ஏப்ரலில் அவ்வாறு மாற்றியமைக்கப்பட்டது. 1991-இல் பிரதமர் ஜான் மேஜர் மக்கள் சாசனத்தை வெளியிட்டார். இத்தனை நாளில் இன்ன சேவை எனும் வாக்குறுதியை அரசாங்க அலுவலகங்கள் மக்கள் அறிய எழுதி வைக்கும் வழக்கம் அதனால் வலுப்பெற்றது.

நம் நாடும் பின்தங்கவில்லை. 1993-ஆம் ஆண்டில் மலேசிய அரசாங்கம் சுற்றறிக்கையொன்றை வெளியிட்டு, அரசாங்கத் துறைகள் வாடிக்கையாளர் சாசனம் வகுத்து மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டுமெனப் பணித்தது. அலுவலகச் சுவர்களில் "பியாகாம் பெலாங்கான்" என்னும் தலைப்பில் நீங்கள் காணும் பலகை அதுவே. பலர் அதனைச் சுவரை அலங்கரிக்கும் பலகையென எண்ணிக் கடந்து செல்கிறார்கள். அது அரசாங்கம் உங்களுக்கு எழுத்தில் கொடுத்திருக்கும் வாக்கு.

இனி, இத்தகைய வாக்கை அளிக்கும்போது கவனிக்க வேண்டிய நான்கு செய்திகளைக் கூறுகிறேன்.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது?

"முழுமையான விண்ணப்பம் கிடைத்த நேரத்திலிருந்து இத்தனை நிமிடத்தில்" அல்லது "இத்தனை நாளில்" என்று இலக்கு எழுதப்படுவது வழக்கம். "முழுமையான" என்னும் அந்த ஒரு சொல்லை ஊன்றிப் பாருங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தொழிலாளி முதல் நாள் செல்கிறார். படிவத்தில் ஒரு தாள் குறைவென்று திருப்பி அனுப்பப்படுகிறார். இரண்டாம் நாள் செல்கிறார். அடையாளக் கார்டிலுள்ள பெயருக்கும் பழைய உரிமத்திலுள்ள பெயருக்கும் ஓர் எழுத்து வேறுபடுகிறதென்று மீண்டும் அனுப்பப்படுகிறார். மூன்றாம் நாள் எல்லாம் சரியாக இருக்கிறது. 10 நிமிடத்தில் வேலை முடிகிறது. அலுவலகக் கணக்கேட்டில் "10 நிமிடம், இலக்கு எட்டப்பட்டது" என்று பதிவாகும். தொழிலாளியின் கணக்கிலோ மூன்று நாள் கூலி நட்டம். இரண்டு கணக்கிலும் பொய்யில்லை. ஒன்று முகப்பின் உள்ளே நின்று பார்த்தது. மற்றொன்று முகப்பின் வெளியே நின்று பார்த்தது.

எனவே நேரத்தைப் பற்றிய இலக்கோடு, முதல் வருகையிலேயே வேலை முடிந்து திரும்பியவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்னும் இலக்கும் இருத்தல் வேண்டும். அவ்வாறு ஓர் இலக்கு வந்துவிட்டால் அலுவலகம் தானாகவே சில மாற்றங்களைச் செய்யும். தேவையான பத்திரங்களின் பட்டியலை மக்கள் புரிந்துகொள்ளும் மொழியில் முன்கூட்டியே தரும். வரிசையில் நிற்கத் தொடங்கும்போதே படிவத்தைப் பார்த்துக் குறையைச் சொல்ல ஒருவரை நிறுத்தும். தொலைவிலுள்ள இடங்களுக்கு நடமாடும் முகப்பை எந்த நாளில் அனுப்பினால் பயன் மிகும் எனச் சிந்திக்கும். நம் நாட்டில் சாலை வரியையும் உரிமத்தையும் அஞ்சலகத்தில் புதுப்பிக்கும் ஏற்பாடு செய்யப்பட்டதால் எத்தனை பேருக்கு அலைச்சல் குறைந்தது என்பதை எண்ணினால் இதன் பயன் விளங்கும்.

சராசரி என்னும் திரை

இரண்டாவது செய்தி சராசரி பற்றியது. 10 பேர் விண்ணப்பிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுள் 9 பேருக்கு ஒரே நாளில் உரிமம் கிடைத்துவிடுகிறது. ஒருவருக்கு மட்டும் 41 நாள் ஆகிறது. கூட்டிப் பார்த்தால் 50 நாள். 10 பேருக்கும் பகிர்ந்தால் சராசரி 5 நாள். "சராசரி 5 நாளில் வழங்குவோம்" என்பது இலக்கானால் அந்த அலுவலகம் வெற்றி பெற்றதாகிவிடும். 41 நாள் காத்திருந்தவர் லாரி ஓட்டிப் பிழைப்பவராக இருந்தால், அந்த வெற்றியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. கோவிட் பெருந்தொற்றின்போது சுவான்சியில் இவ்வாறே நடந்தது. கட்டடத்திற்குள் வந்து பணியாற்றக்கூடிய ஊழியர் எண்ணிக்கை கட்டுப்படுத்தப்பட்டது. 2021-இல் வேலை நிறுத்தமும் நடைபெற்றது. கணினி வழியாக விண்ணப்பித்தவர்களுக்கு உரிமம் சில நாள்களிலேயே சென்று சேர்ந்தது. தாளில் எழுதி அஞ்சலில் அனுப்பியவர்களின் உறைகள் மலைபோல் குவிந்தன. வலிப்பு, நீரிழிவு, இருதய நோய் போன்ற உடற்குறைகளைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் எல்லாரினும் நெடுங்காலம் காத்திருந்தனர். அவர்களுக்கு மருத்துவரின் அறிக்கை வேண்டும். மருத்துவர்களோ தொற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார்கள்.

அந்நாட்டின் தேசியக் கணக்காய்வு அலுவலகம் 2022-இல் இதனை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு 2023-இல் மீண்டும் ஆராய்ந்தது. 2020 ஏப்ரலுக்கும் 2022 மார்ச்சுக்கும் இடையில் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் தாமதத்திற்கு ஆளானார்கள் என்பது தெரியவந்தது. வாகனமோட்ட இயலாமல் வேலையையும் வருமானத்தையும் இழந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். விளக்கம் கேட்டுத் தொலைபேசியில் அழைத்தவர்களுள் மிகப் பெரும்பாலோருக்குப் பதிலே கிடைக்கவில்லை.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது யாது? எளிய விண்ணப்பங்கள் எப்படியும் விரைந்து முடிந்துவிடும். ஒரு சேவையின் தகுதி, கடினமான விண்ணப்பம் எவ்வாறு நடத்தப்படுகிறது என்பதில் விளங்கும். "10 பேரில் 9 பேருக்கு இத்தனை நாளில்" என்று இலக்கு வகுத்தால் அது சராசரியைக் காட்டிலும் நேர்மையானது. ஆனால் அத்துடன் நின்றுவிடாமல், "எஞ்சிய ஒருவருக்கு இத்தனை நாளைக் கடக்க விடமாட்டோம்; கடந்தால் மேலதிகாரியே பொறுப்பேற்பார்" என்ற வாசகமும் சேர வேண்டும். அந்த எஞ்சிய ஒருவர் பெரும்பாலும் படிவம் நிரப்பத் தெரியாதவராகவோ, கணினி வசதியற்றவராகவோ, உடல்நலம் குன்றியவராகவோ இருக்கிறார். தோட்டப்புறத்து மக்கள் அந்தப் பத்தாவது இடத்தில் நிற்க நேரிடுவது அரிதன்று.

வேகமும் செம்மையும்

மூன்றாவது செய்தி மரத்தின் காயத்தைப் போன்றது. விரைவு ஒன்றையே இலக்காக்கினால் மற்றவை கெடும். பெயரையும் அடையாளக் கார்டு எண்ணையும் பிழையாகப் பதிந்துவிட்டு, 5 நிமிடத்தில் உரிமம் தந்தோம் எனப் பெருமை கொள்வதில் பயனில்லை. அந்தப் பிழையைத் திருத்த நீங்கள் இன்னொரு நாள் கூலியை இழக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து தேர்வில் உள்ளது. மாதத்துக்கு இத்தனை பேர் தேர்ச்சி பெற வேண்டும் என்று ஓர் இலக்கை யாரேனும் வகுத்தால், ஓட்டத் தெரியாதவரும் உரிமத்தோடு சாலைக்கு வந்துவிடுவார். நம் நாட்டில் எழுத்துத் தேர்வில் 50 கேள்விகளுக்கு 42 சரியான விடை தேவைப்படுகிறது. அதன்பின் ஓட்டும் தேர்வும் உண்டு. இந்த வாயில்கள் மக்களைத் துன்புறுத்துவதற்காக வைக்கப்பட்டவை அல்ல. அதிகாலை இருட்டில் சைக்கிளில் வேலைக்குச் செல்லும் நம் தாய்மார்களைக் காக்கும் வேலிகள் அவை. தேர்வுக்குக் காத்திருக்கும் நாள்களைக் குறைப்பது நல்ல இலக்கு. தேர்வின் கடுமையைக் குறைத்து எண்ணிக்கையைப் பெருக்குவது கெட்ட இலக்கு. எதையும் எழுதாமல், எதையும் ஓட்டிக் காட்டாமல், பணம் கொடுத்து உரிமம் வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகர்களை நம்புகிறவர் தம் பணத்தை மட்டுமல்லாமல் பிறர் உயிரையும் பணயம் வைக்கிறார்.

வாகன வரியிலும் இதற்கொரு சான்று உண்டு. பிரிட்டனில் 1921 முதல் வாகனத்தின் முகப்புக் கண்ணாடியில் வட்டமான வரிச்சீட்டை ஒட்டி வைக்கும் வழக்கம் இருந்தது. 2014 அக்டோபர் முதல் நாளோடு அது கைவிடப்பட்டது. கணினிப் பதிவே போதும், சீட்டு அச்சிட்டு அஞ்சலில் அனுப்பும் செலவு மிச்சம் என்பது காரணம். செலவைக் குறைக்கும் இலக்கு எட்டப்பட்டது. ஆனால் சாலையோரத்தில் வாகனங்களைக் கணக்கெடுத்தபோது வேறொன்று புலப்பட்டது. 2013-இல் 1,000 வாகனங்களில் 6 வரி செலுத்தாமல் ஓடின. 2015-இல் அது 14 ஆயிற்று. 2017-இல் 18 ஆயிற்று. சீட்டைப் பார்த்து நினைவு கொள்ளும் வழி போனதும், வாகனம் கைமாறும்போது வரியும் உடன் செல்லாது என்ற புதிய விதியும் பலரைத் தடுமாறச் செய்தன.

ஒட்டுச்சீட்டை நீக்கியது தவறென்று சொல்வதற்காக இதனைக் கூறவில்லை. நம் நாட்டிலும் 2023 பிப்ரவரி முதல் மலேசியக் குடிமக்களின் தனியார் வாகனங்களுக்குச் சாலை வரியும் உரிமமும் மின்னியல் வடிவில் கைத்தொலைபேசியிலேயே காட்டக்கூடியவையாக மாறின. அது பலருக்கு வசதியே. ஒரு பக்கம் குறைந்த செலவையும் மறுபக்கம் மிகுந்த குறையையும் ஒருசேரத் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

தராசு யார் கையில்?

பிரிட்டனில் வரி செலுத்தாத வாகனங்களின் தொகை எவ்வாறு தெரியவந்தது? உரிம அலுவலகம் தன் ஏட்டை மட்டும் பார்த்திருந்தால் தெரிந்திராது. சாலையில் ஓடும் வாகனங்களின் எண்களைத் தனியே கணக்கெடுத்து, ஏட்டோடு ஒப்பிட்டதால்தான் தெரிந்தது. காத்திருந்தோரின் துன்பம் எவ்வாறு வெளிவந்தது? அலுவலகத்திற்கு வெளியிலிருந்து கணக்காய்வாளரும் நாடாளுமன்றக் குழுவும் வந்து பார்த்ததால் வெளிவந்தது.

தன் பாலைத் தானே நிறுத்துக்கொள்ள எந்தத் தோட்டமும் ஒருவரையும் அனுமதிப்பதில்லை. அலுவலகத்துக்கும் அதே நியாயம்தான். இலக்கை வகுப்பவர் ஒருவர், நிறைவேற்றுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர் என்று இருத்தல் வேண்டும். எட்டிய இலக்குகளோடு எட்டாத இலக்குகளையும் காரணத்தோடு வெளியிட வேண்டும். எட்டாத இலக்கைச் சொல்ல அஞ்சும்படி ஊழியர்களைத் தண்டித்தால் அவர்கள் எண்களை அழகுபடுத்தக் கற்றுக்கொள்வார்கள். காரணம் கேட்டுக் குறையை நீக்கினால் உண்மையைச் சொல்லக் கற்றுக்கொள்வார்கள். முகப்பில் அமர்ந்திருக்கும் எழுத்தரும் ஒரு தொழிலாளிதான் என்பதை நாம் மறத்தல் ஆகாது. ஆள் பற்றாக்குறையும் கணினிப் பழுதும் அவருடைய குற்றம் ஆகா.

நமது பங்கு

உரிமை ஒருபுறம் இருக்க, நமக்கும் சில கடமைகள் உண்டு. அவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவதாக, உரிமத்தின் காலாவதி நாளை இன்றே எடுத்துப் பாருங்கள். காலாவதியாகி 3 ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டால் அதனைப் புதுப்பிக்க இயலாது. மீண்டும் தேர்வெழுத வேண்டும். பழைய உரிமத்திலும் அடையாளக் கார்டிலும் பெயரும் எண்ணும் ஒத்திருக்கின்றனவா என்பதையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். புறப்படுமுன் என்னென்ன பத்திரங்கள் வேண்டுமெனக் கேட்டறிந்து கொண்டால் ஒரு நாள் கூலி மிஞ்சும்.

இரண்டாவதாக, மோட்டார் சைக்கிளை விற்றாலும் வாங்கினாலும் பெயர் மாற்றத்தை உடனே செய்துவிடுங்கள். உறவினர்தானே, அறிந்தவர்தானே என்று வாய்ச்சொல்லோடு விட்டுவிட்டால், வண்டியை ஓட்டுபவர் ஒருவராகவும் சம்மன் பெறுபவர் இன்னொருவராகவும் ஆகிவிடும். பதிவேடு செம்மையாக இருப்பதற்கு அலுவலகம் மட்டுமே பொறுப்பன்று.

மூன்றாவதாக, சுவரிலுள்ள சாசனத்தைப் படியுங்கள். படிக்க இயலாதவர்க்குப் படித்தவர் விளக்கிச் சொல்லுங்கள். வாக்களித்த காலம் கடந்துவிட்டால் கோபத்தோடு திரும்பி வராதீர்கள், பணிவாகக் கேளுங்கள். சென்ற நாள், நேரம், விண்ணப்பத்தின் எண், கூறப்பட்ட காரணம் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். "என்னை அலைக்கழித்தார்கள்" என்று சொல்வதைவிட, "இன்ன நாளிலும் இன்ன நாளிலும் வந்தேன், இரண்டு முறையும் இன்ன காரணத்தால் திருப்பி அனுப்பப்பட்டேன்" என்று எழுதுவது வலிமையுடையது. அலுவலகத்தின் ஏட்டில் விடுபட்டுப்போன அந்த நாள்களை ஏட்டில் ஏற்றும் வழி அதுவே.

நான்காவதாக, தொழிற்சங்கக் கிளைகளும் தோட்டத்து மன்றங்களும் உரிமம் புதுப்பிக்க வேண்டியோரின் பட்டியலைத் தயாரித்து, நடமாடும் முகப்பு வேண்டுமென ஒன்றாகக் கேட்கலாம். ஒருவர் கேட்டால் அது வேண்டுகோள்; எண்பது பேரின் பெயரும் காலாவதி நாளும் கொண்ட பட்டியலோடு கேட்டால் அது திட்டமிடுவதற்கு உதவும் விவரமாகிறது.

நண்பர்களே! அரசாங்கச் சேவைக்கு இலக்கு வகுப்பது நல்லது. இலக்கில்லாத சேவை, நிறுவையில்லாத கொட்டகை போன்றது. ஆனால் அந்த இலக்கு முகப்பின் வெளியே வரிசையில் நிற்பவர் பக்கத்திலிருந்து எண்ணப்பட வேண்டும். அவர் வீட்டை விட்டுப் புறப்பட்டது முதல் உரிமம் கைக்கு வரும் வரையிலான நாள்களை எண்ண வேண்டும். வரிசையின் கடைசியில் நிற்பவரையும் எண்ண வேண்டும். விரைவோடு செம்மையையும் சாலைப் பாதுகாப்பையும் சேர்த்து எண்ண வேண்டும். அவ்வாறு வகுக்கப்பட்ட இலக்கு, விடியுமுன் எழுந்து மரத்தடிக்குச் செல்லும் ஒருவரின் ஒரு நாள் உழைப்புக்கு அரசாங்கம் செலுத்தும் மரியாதையாகும். அந்த மரியாதையைக் கேட்டுப் பெறும் அறிவும், அதற்குத் தக்கவாறு நடந்துகொள்ளும் பொறுப்பும் நம் எல்லாரிடத்தும் வளர்க.